ஐந்து தடவை விழுந்த ராய்லி

கோர்த்தேசல்மியில் பனி நவம்பரில் பிடித்தால் ஏப்ரலில்தான் விடும். அந்த ஆறு மாதமும் ஒருவரிடம் ஒருவர் விடைபெறும்போது, "பாத்து, விழுந்துடாதே" என்று சொல்வது எங்கள் ஊர் வழக்கம். கடையில் சொல்வார்கள், தேவாலய வாசலில் சொல்வார்கள், பல்லைப் பிடுங்கி அனுப்பும்போது பல் மருத்துவரும் சொல்வார். சொல்பவரும் யோசிப்பதில்லை, கேட்பவரும் யோசிப்பதில்லை. ராய்லி ஹக்கராய்னனிடம் மட்டும் அதை ஜூலை மாதத்திலும் சொன்னார்கள்.

சொல்லும் விதமே வேறு. "பாத்து" என்று சொல்லிவிட்டு ஒரு சின்ன இடைவெளி விடுவார்கள். உதட்டோரம் ஒரு சுழிப்பு வரும். பிறகுதான் மீதி வரும். இதைத் தாங்கிக்கொண்டே அவள் ஐம்பத்து நான்கு வயதுக்கு வந்து சேர்ந்திருந்தாள்.

நகராட்சியில் வேலை. கோடையில் சாலை நடுவே வெள்ளைக் கோடு போடும் வண்டியை ஓட்டுவாள். குளிர்காலத்தில் விடிவதற்கு முன்பே லாரியை எடுத்துக்கொண்டு போய் நடைபாதையெல்லாம் பொடிக்கல் தூவுவாள், ஊர்க்காரர்கள் வழுக்கி விழாமல் இருப்பதற்காக. ஊரையே நிமிர்த்தி நிறுத்தி வைத்திருந்தவளுக்கு ஊர் கொடுத்த பட்டம் 'விழுந்த ராய்லி'. நன்றி கெட்ட ஊர். நானும் அந்த ஊர்தான், சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

நடந்தது இதுதான். அந்தக் காலத்தில் பனிச்சறுக்குப் போட்டியில் இரண்டு பகுதி உண்டு. முதல் பகுதியில் இசை கிடையாது, தாவல் கிடையாது, பளபளப்புப் பாவாடைக்கும் வேலை கிடையாது. துடைத்து வைத்த பனித்தளத்தில் ஒற்றைக் காலில் சறுக்கிக்கொண்டே ஓர் எட்டுப் போட வேண்டும். அதே கோட்டின் மேல் இன்னொரு தடவை, மறுபடியும் ஒரு தடவை. பிறகு நடுவர்கள் வந்து குனிந்து, சிலர் மண்டியிட்டு, கோடு எங்கே பிசகியிருக்கிறது என்று தேடுவார்கள். ராய்லியின் எட்டில் தேடிய நடுவர்களுக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம். நாட்டிலேயே அப்படி எட்டுப் போட ஆள் கிடையாது.

இரண்டாம் பகுதியில் இசை உண்டு, தாவ வேண்டும். அங்கேதான் வினை.

1990 ஜனவரியில் தேசியப் போட்டி. எட்டுப் போட்ட பிறகு பத்தொன்பது வயது ராய்லி எல்லோரையும் விட வெகுதூரம் முன்னே நின்றாள். இரண்டாம் நாள் ஊரே தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்தது, சிலர் பஸ் பிடித்து நேரிலேயே போனார்கள். முதல் தாவலில் விழுந்தாள். எழுந்தாள். இரண்டாவதில் விழுந்தாள். மூன்று, நான்கு. ஐந்தாவது தடவை விழுந்தவள் நிற்கவேயில்லை. உட்கார்ந்த வாக்கிலேயே சறுக்கிக்கொண்டு போய் நடுவர்களின் மேஜைக்கடியில் புகுந்தாள். மேலே இருந்த காபி பிளாஸ்க் கவிழ்ந்து, தலைமை நடுவரின் மடி நனைந்தது. மறுநாள் வட்டாரப் பத்திரிகையில் கொட்டை எழுத்தில் தலைப்பு: 'முதலிடத்திலிருந்து மேஜைக்கடிக்கு!'

அந்தக் கோடையிலேயே எட்டுப் போடும் பகுதியை உலகப் போட்டிகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். தொலைக்காட்சியில் பார்க்க அலுப்பாக இருக்கிறதாம். "நான் இதை விடல, இதுதான் என்னை விட்டுடுச்சு" என்று சொல்லிவிட்டு ராய்லி சறுக்குக் காலணியை நிலவறையில் தொங்கவிட்டாள். வேலைக்குச் சேர்ந்தாள். கல்யாணம் ஆனது. ஒன்பது வருடம் கழித்து அதுவும் முடிந்தது. விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் புருஷன் தொப்பியை எடுத்துக்கொண்டான், வாசல் வரை போனான், திரும்பிப் பார்த்தான். ஏதோ நல்ல வார்த்தை சொல்லத்தான் நினைத்தான் போலிருக்கிறது. வாயில் வந்தது, "பாத்து... விழுந்துடாதே."

இதையெல்லாம் பொறுத்தாள். போன அக்டோபரில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. தெற்கிலிருந்து புதிய பாதிரியார் வந்திருந்தார், ஒரு பெண்மணி, ஊருக்கு வந்து நான்கே நாள். ஞாயிறு வழிபாடு முடிந்து எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது ராய்லி கை நீட்டித் தன் பெயரைச் சொன்னாள்.

"ராய்லியா!" பாதிரியாரின் முகம் மலர்ந்தது. "பாத்து... விழுந்துடாதே!"

ராய்லி காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "இதை உனக்கு யார் சொன்னா?"

எங்கள் ஊரில் பாதிரியாரையும் நீ என்றுதான் கூப்பிடுவோம். பாதிரியாருக்குக் காது வரை சிவந்துபோனது. "வீட்டுச் சாவி குடுக்கும்போதே சொன்னாங்க. சாவி, குப்பை எடுக்கிற நாள், அப்புறம் நீ."

அன்றைக்கே ராய்லி நேராகப் பனி அரங்கத்துக்கு நடந்தாள். எங்கள் அரங்கம் ஹாக்கிக்காரர்களுடையது; பனிச்சறுக்குச் சங்கத்துக்கு அதில் ஓர் அறை மட்டும் உண்டு, அந்த அறையிலும் முக்கால்வாசி டாய்லெட் பேப்பர் பொதிகள். எங்கள் நாட்டில் விளையாட்டுச் சங்கம் என்று ஒன்று இருந்தால் அது டாய்லெட் பேப்பர் விற்றாக வேண்டும். வீடு வீடாகப் போய்த்தான் பனித்தள வாடகையைச் சேர்ப்பார்கள். அந்தப் பொதிகளுக்கு நடுவே பயிற்சியாளர் வீரா உட்கார்ந்திருந்தாள். இருபத்து நான்கு வயது, நெட்டையான பெண்.

"ஜனவரில பெரியவங்க போட்டி நடத்தறீங்கன்னு வாசல்ல போட்டிருக்கே, பேர் குடுக்கணும்" என்றாள் ராய்லி.

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

வீரா படிவத்தில் பெயரைப் பார்த்தாள். வாய் லேசாகத் திறந்தது.

"சொல்லாதே" என்றாள் ராய்லி.

"நான் ஒண்ணும் சொல்லலையே!"

"சொல்ல வந்தே."

"வந்தேன்" என்று வீரா ஒப்புக்கொண்டாள். அவள் பொய் சொல்லத் தெரியாத பெண். "என்ன வேணும் உனக்கு? மெடலா?"

"மெடலை நீயே வச்சுக்க. எல்லார் முன்னாலயும் ஒரு தடவை விழாம முடிக்கணும். அதுக்கப்புறம் இந்த ஊர் என்கிட்ட வேற ஏதாவது பேசித்தானே ஆகணும்?"

மறுநாள் ஹாக்கிக்காரர்கள் போன பிறகு, தளத்தைப் புதிதாக மெழுகிய நேரத்தில், ராய்லி பழைய காலணியை மாட்டிக்கொண்டு இறங்கினாள். நிலவறை வாடை அடித்தது. இரண்டு தள்ளு தள்ளிப் பார்த்தாள், பிறகு நடுவில் நின்று, கையை விரித்து, எட்டுப் போட்டாள். மூன்று தடவை. வீரா வந்து மண்டியிட்டுப் பார்த்தாள்.

"ஒரு கோடுதானே இருக்கு?"

"மூணு."

வீரா கையுறையைக் கழற்றி விரலால் தடவிப் பார்த்தாள். அவள் பிறப்பதற்குப் பத்து வருடம் முன்பே ஒழிந்துபோன விஷயம் அது. "ராய்லி" என்றாள் மெதுவாக, "இதுக்கு இப்போ மார்க் கிடையாது."

"தெரியும்."

"ஒரு தாவலாவது இருந்தே ஆகணும். காத்துல ஒரே ஒரு சுத்து போதும்."

அந்த ஒரே ஒரு சுற்றுக்காக முதல் வாரத்தில் ராய்லி அறுபத்தொரு தடவை விழுந்தாள். வீராதான் எண்ணினாள், ராய்லி எண்ணச் சொல்லவில்லை. நகராட்சிக் கொட்டகையில் காபி நேரத்தில் எல்லோரும் உட்கார, ராய்லி நின்றுகொண்டே குடித்தாள். "நின்னு குடிச்சா காபி நல்லா எறங்குது" என்றாள். மேலாளர் தைஸ்தோ ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தாறு வருடமாக அவள் போட்ட சாலைக் கோடுகளை அளவுநாடா வைத்து அளந்து பார்த்தவர் அவர். அளவு சரியாக இருந்தால் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான் அவர் பேச்சு.

ஆனால் பேசாத மனிதர் எழுதுவார். அடுத்த வாரம் கொட்டகைச் சுவரில் ஒரு தாள் தொங்கியது. ராய்லி எத்தனை தடவை விழுவாள் என்று ஆளுக்கு ஓர் எண். தோற்றவர்கள் எல்லோரும் ஜெயித்தவருக்கு ஒரு பை லவங்கப்பட்டை பன் சுட்டுத் தர வேண்டும். இரண்டிலிருந்து ஏழு வரை எல்லா எண்ணுக்கும் ஆள் இருந்தார்கள். தைஸ்தோ ஐந்தில்.

"பூஜ்யத்துல யாருமே இல்லையா?" என்று கேட்டாள் ராய்லி.

"தாள்ல எடம் பத்தல" என்றார் தைஸ்தோ.

"பேனாவைக் குடு, நான் எழுதறேன்."

"போட்டியில இருக்கறவங்க பந்தயம் கட்டக் கூடாதும்மா. அது ஊழல்."

டிசம்பர் ஆனது. தாவல் வந்தபாடில்லை. தரையை விட்டு எழும்பும் அந்தக் கணத்தில் ராய்லிக்கு மேஜைக்கடி ஞாபகம் வந்துவிடும், உடம்பு மரக்கட்டையாகிவிடும். கடைசியில் வீராவுக்குப் பொறுமை போயிற்று. அறைக்குள் போனாள், ஒரு பொதியைக் கிழித்தாள், மூன்றடுக்கு டாய்லெட் பேப்பர் சுருள் இரண்டை எடுத்து மிதித்து நசுக்கினாள். "திரும்பு" என்றாள். இடுப்பு வரை ஏறும் ராய்லியின் நீளக் காலுறைக்குள் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

"இப்போ விழு பாப்போம்."

ராய்லி தாவினாள். விழவில்லை.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மறுபடி தாவினாள். நின்றாள். சுருளை எடுத்துவிட்டுத் தாவச் சொன்னாள் வீரா; அடுத்த நிமிடம் ராய்லி தடுப்புப் பலகையோரம் மல்லாந்து கிடந்தாள். சுருளை வைத்தால் நின்றாள், எடுத்தால் விழுந்தாள். எலும்புக்கு இல்லை, மனசுக்குத்தான் மெத்தை வேண்டியிருக்கிறது என்று வீரா சொன்னாள். போட்டியன்றும் வைத்துக்கொள்வது என்று முடிவானது. கருநீலத்தில் கொஞ்சம் தொளதொள பாவாடையாகத் தைத்துக்கொண்டாள் ராய்லி.

இதற்குள் ஊரில் விஷயம் பரவிவிட்டது. பரப்பியது கெர்த்து. துறைமுகத்தோரக் கடையில் கல்லாவில் உட்காருபவள், ராய்லியோடு ஒரே வகுப்பில் படித்தவள். 'பாத்து, விழுந்துடாதே' என்ற வாசகத்துக்கு எங்கள் ஊரில் சொந்தக்காரர் யாராவது உண்டென்றால் அது கெர்த்துதான். 1990இல் பஸ் பிடித்து நேரில் பார்த்தவர்களில் அவளும் ஒருத்தி; ராய்லி ஊர் திரும்பி ரயிலிலிருந்து இறங்கியபோது முதல் ஆளாக அதைச் சொன்னவளும் அவளே. இப்போது பால் வாங்க வந்தவர்களிடமெல்லாம் கல்லாவிலிருந்தே கூவினாள்: "சனிக்கிழமை எல்லாரும் வந்துடுங்க! பிளாஸ்க்கை மட்டும் கெட்டியாப் பிடிச்சுக்குங்க!"

வந்தார்கள். சாதாரணமாகப் பனிச்சறுக்குப் போட்டிக்கு எங்கள் ஊரில் பதினோரு பேர் வருவார்கள், பத்துப் பேர் பெற்றோர், ஒருவர் வழி தவறி வந்தவர். அன்று நானூறு பேர். போட்டி தொடங்கும் முன்பே சாசேஜ் தீர்ந்துபோனது. வெளியூரிலிருந்து வந்த நடுவர்கள், இந்த ஊருக்குப் பனிச்சறுக்கின் மேல் இவ்வளவு பிரியமா என்று நெகிழ்ந்துபோனார்கள். யாரும் அவர்களைத் திருத்தவில்லை. முன்வரிசையில் கெர்த்து, பக்கத்தில் தைஸ்தோ, மடியில் பந்தயத் தாளும் பேனாவும். பாதிரியாரும் வந்திருந்தார், கொஞ்சம் குற்ற உணர்ச்சியோடு.

ராய்லியின் பிரிவில் மூன்றே பேர். கால்நடை மருத்துவர் ஒருத்தி, நூலகர் ஒருத்தி, கடைசியாக ராய்லி. முதல் இருவரும் நன்றாகவே ஆடினார்கள். கூட்டம் மரியாதைக்குத் தட்டிவிட்டு இருக்கையின் நுனிக்கு நகர்ந்தது.

ராய்லி தளத்தின் நடுவில் வந்து நின்றாள். பழைய டாங்கோ நடனப் பாட்டு ஒன்று ஒலித்தது. தாவல் கடைசியில்தான், அதற்கு முன் நிரப்ப வேண்டிய நேரத்தில் அவள் தனக்குத் தெரிந்ததைச் செய்தாள். மார்க் இல்லாத எட்டு. யாருக்காகவும் இல்லை, கால் நடுக்கம் நிற்பதற்காக.

முதல் வளைவிலேயே கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ராய்லி திடுக்கிட்டாள். விழுந்துவிட்டோமா? இல்லை, நின்றுகொண்டுதான் இருக்கிறோம். பிறகு ஏன் சிரிக்கிறார்கள்? இன்னும் இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அரங்கமே சிரிக்கத் தொடங்கியது.

இடப்பக்கச் சுருளின் நுனி பாவாடைக்கு வெளியே வந்துவிட்டது. அவள் போகப் போக வெள்ளை வாலாகப் பின்னால் உருவிக்கொண்டே வந்தது. ஈரப் பனி அதை அப்படியே பிடித்து ஒட்டிக்கொண்டது. தைஸ்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். கெர்த்துவுக்கு மூச்சு முட்டியது. ராய்லிக்கு மட்டும் ஒன்றும் தெரியாது; எட்டுப் போடும்போது அவள் தலை நிமிர்ந்து நேரே மட்டுமே பார்ப்பாள், கீழே பார்க்க மாட்டாள்.

முதல் வட்டம் முடிந்து இரண்டாம் வட்டமும் முடிந்த இடத்தில் சுருள் தீர்ந்தது. ஒரு சுருளுக்குச் சரியாக ஓர் எட்டு. மூன்றடுக்கு, வாசனை போடாதது. இனி அதே கோட்டின் மேல் மறு தடவை. ராய்லியின் காலணி பிளேடு காகிதத்தின் நட்ட நடுவே ஏறியது. கத்தரித்ததுபோல் இரண்டாக வகிர்ந்துகொண்டு போனது. ஒரு பக்கமும் சாயவில்லை.

சிரிப்பு குறைந்தது. பிறகு நின்றது. முப்பத்தைந்து வருடம் முன்பு மண்டியிட்ட நடுவர்கள் மட்டும் பார்த்ததை இப்போது நானூறு பேர் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார்கள். வெள்ளை வெளேரென்று ஒரு பெரிய எட்டு, அதன் நடுவில் மயிரிழைபோல் ஒரே ஒரு வெட்டு. மூன்றாம் தடவை வந்தபோதும் அதே வெட்டுக்குள்ளேயே போனாள். தைஸ்தோ எழுந்து நின்றுவிட்டார். "ஒரு மில்லிமீட்டர் பிசகல" என்றார், யாரும் கேட்காமலே. நடுவர்களில் வயதான ஒருவர் பழக்க தோஷத்தில் மண்டியிடுவதற்காக நாற்காலியை விட்டு எழுந்து, பிறகு சுதாரித்து உட்கார்ந்தார்.

மூன்றாம் தடவையின் கடைசியில்தான் ராய்லி காகிதத்தைப் பார்த்தாள். இடுப்பைத் தொட்டாள். இடப்பக்கம் காலி. டாங்கோ முடியப்போகிறது, தாவியே ஆக வேண்டும், மெத்தை பாதிதான் இருக்கிறது. தடுப்புப் பலகையோரம் நின்ற வீராவைப் பார்த்தாள். வீராவுக்கும் விஷயம் புரிந்திருந்தது. இரண்டு கையையும் குவித்து அவள் கத்தியது அரங்கம் முழுக்கக் கேட்டது:

"விழறதா இருந்தா வலது பக்கமா விழு!"

ராய்லிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போட்டி நடுவில், நடுவர்கள் முன்னால், வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தாவினாள். பெரிய தாவல் ஒன்றும் இல்லை, ஒரு டெலிபோன் டைரக்டரியைத் தாண்டும் உயரம்தான். இறங்கியபோது உடம்பு சாய்ந்தது. கை பனியை நோக்கிப் போனது, போனது, ஒரு சாண் இருக்கும்போது நின்றது. மெல்ல நிமிர்ந்தாள். இசை முடிந்தது. ராய்லி நின்றுகொண்டிருந்தாள்.

யாரும் கை தட்டவில்லை. வேண்டுமென்று இல்லை, சிரிப்பதற்குத் தயாராகி வந்த நானூறு பேருக்குச் சட்டென்று வேறு எதுவும் கைக்கு வரவில்லை. அந்த நிசப்தத்தில் முன்வரிசையிலிருந்து கெர்த்துவின் குரல், ஏமாந்துபோன குரல், தெளிவாகக் கேட்டது: "விழலையே!"

அதன் பிறகுதான் தட்டினார்கள். எங்கள் ஊர் அளவில் பலமாகவே தட்டினார்கள்.

தளத்தில் பொருள் சிந்தியதற்காக ஒரு மார்க் குறைத்தார்கள். மூன்று பேரில் மூன்றாவதாக வந்தாள் ராய்லி, வெண்கலம் வாங்கினாள். தளம் மெழுகும் இயந்திரம் அந்த எட்டை விழுங்கப் பார்த்து, தொண்டை அடைத்து நின்றது. மீதிப் போட்டி நாற்பது நிமிடம் தாமதமானது.

திங்கட்கிழமை கடைக்குப் போனாள். பால், கம்பு ரொட்டி, கொஞ்சம் மீன். கெர்த்து ஒவ்வொன்றாகக் கணக்கில் தட்டினாள். "பாத்து..." என்று ஆரம்பித்தாள். நின்றுவிட்டாள். இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"பை வேணுமா?" என்றாள் கெர்த்து.

"வேணாம்."

அவ்வளவுதான். அன்றைக்கு நூலகத்திலும் அப்படி, தபால் வாங்கும் இடத்திலும் அப்படி. வாயைத் திறப்பார்கள், மூடிக்கொள்வார்கள். முதல் வாரம் ராய்லிக்கு அது தேனாக இனித்தது. கொட்டகையில் தைஸ்தோ பந்தயத் தாளைக் கழற்றிவிட்டார். பூஜ்யத்துக்கு ஆள் இல்லாததால் ஜெயித்தவர் யாரும் இல்லை. ஆர்வக் கோளாறில் முன்கூட்டியே சுடப்பட்ட பன்கள் யாருக்கும் உரிமையில்லாமல் குளிர்பெட்டியின் தலையில் காய்ந்துகொண்டிருந்தன.

இரண்டாம் வாரத்தில்தான் அவளுக்கு விஷயம் உறைத்தது. தன்னிடம் யாரும் எதுவுமே பேசவில்லை. வேறு பேச்சு வரும் என்று நினைத்திருந்தாள், வரவில்லை. முப்பத்தைந்து வருடமாக ஊருக்கும் அவளுக்கும் நடுவே இருந்த பேச்சு மொத்தமே அந்த இரண்டு வார்த்தைதான். அதையும் அவளே நின்று கெடுத்துவிட்டாள். பேச்சை வளர்க்க நாங்கள் யாரும் படித்தவர்களும் இல்லை. ஒருநாள் அவளே துணிந்து தைஸ்தோவிடம், "இன்னைக்குக் குளிர் ஜாஸ்தி, இல்ல?" என்று கேட்டுப் பார்த்தாள். மனிதர் மிரண்டுபோய், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று விசாரித்தார்.

"ஜெயிச்சவங்க எல்லாரும் இப்படித்தான் தனியா இருப்பாங்களா?" என்று வீராவிடம் கேட்டாள் ராய்லி.

"நீ மூணாவது. மூணு பேர்ல."

"அது சரி."

வேடிக்கையாகச் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் ராய்லிக்கு வேடிக்கையாக இல்லை. அவளுக்கு வலித்தது. சாலையில் பொடிக்கல் தூவிக்கொண்டே போகும்போது ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நடக்கிறவர்களைப் பார்ப்பாள். யாராவது நின்று, அந்தப் பழைய சுழிப்போடு, ஒரு தடவை சொன்னால் தேவலை என்றுகூட இருந்தது. அப்படி நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒருநாள் காலையில் மழை பெய்தது, மதியத்துக்குள் எல்லாம் உறைந்தது. ஊர் நடைபாதைகளை ராய்லி பார்த்துக்கொண்டாள். ஆனால் கெர்த்துவின் கடை முற்றம் தனியார் இடம், நகராட்சி லாரி அங்கே போகக் கூடாது. கடை முதலாளி பொடிக்கல்லை ஏலக்காய் மாதிரி கிள்ளிப் போடுகிறவர். வேலை முடிந்து நான்கு மணிக்கு ராய்லி காபித்தூள் வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, முற்றம் கண்ணாடியாக இருந்தது. வாசற்படியில் கெர்த்து கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் கார் அந்தக் கோடியில் நின்றது.

ராய்லி கடந்து போகப் பார்த்தாள்.

"ராய்லி."

"என்ன?"

"கையைக் குடு."

"எதுக்கு?"

"எதுக்கா? இடுப்பு மூட்டு போன வருஷம்தான்டி புதுசா வச்சாங்க. இந்த ஊர்ல விழாதவ நீ ஒருத்திதானே இருக்கே."

ராய்லி காபித்தூள் பொட்டலத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டாள். பிறகு கையை நீட்டினாள். கெர்த்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அடிமேல் அடி வைத்து இரண்டு பேரும் முற்றத்தில் இறங்கினார்கள். பாதி தூரம் வந்தார்கள்.

"அந்த எட்டு" என்றாள் கெர்த்து திடீரென்று. "எப்படிடி போட்டே அதை? நானும் ராத்திரி படுத்துக்கிட்டே யோசிக்கறேன், புரிய மாட்டேங்குது."

மூன்று வாரத்தில் அந்த எட்டைப் பற்றி யாரோ கேட்ட முதல் கேள்வி. ராய்லிக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பேச்சு வந்ததோ! "எல்லாம் இடுப்புலதான் இருக்கு. காலை நீ திருப்பக் கூடாது, அது தானா வரணும். தோளை முன்னால விட்டுட்டு, பாரு, இப்படி, இடுப்பை மட்டும் மெதுவா..."

செய்து காட்டினாள்.

இரண்டு பேரும் சேர்ந்தே போனார்கள். ராய்லி கீழே, கெர்த்து அவள் மேலே. காபித்தூள் பொட்டலம் வெடித்தது. கைப்பை சறுக்கிக்கொண்டு போய்க் காரடியில் நின்றது. ராய்லி தலையைத் தூக்கிப் பார்த்தாள். கடையின் பெரிய கண்ணாடிக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தைஸ்தோ இருந்தார். பாதிரியார் இருந்தார். அறுபத்தொன்றும் அதற்கு மேலும் விழுந்து, அரை மெத்தையோடு தாவி நின்றதெல்லாம் ஒரு முற்றத்தில் போயிற்று என்று ராய்லி கண்ணை மூடிக்கொண்டாள்.

கடைக் கதவு திறந்தது. தைஸ்தோ தலையை நீட்டினார். அவர் வாய் திறப்பதற்குள் கெர்த்து, விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே, கல்லாவில் கூவும் அதே குரலில் கூவினாள்:

"நான்தான் விழுந்தேன்! நான் வழுக்கி இவளையும் இழுத்துட்டேன்! எல்லாரும் நல்லாப் பாத்துக்குங்க, ராய்லி விழல!"

"பொய்டி" என்றாள் ராய்லி கீழேயிருந்து. "நான்தானே இடுப்பைத் திருப்பினேன்."

"வாயை மூடு. இடுப்பு புதுசு, ஒண்ணும் ஆகல. முப்பத்தஞ்சு வருஷம் நீயே விழுந்தாச்சு. இனிமே கொஞ்ச நாள் நான் விழறேன்."

ராய்லிக்கு எழுந்து அவளைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை, கெர்த்து அவள் கோட்டின் மேல் உட்கார்ந்திருந்தாள்.